‘என் ஜூனியராக இருந்த பையன் இன்று பார்ட்னர். நான் எங்கே தொடங்குவது?’

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் கடிதம் இது. நீளமானது என்பதால் சுருக்கித் தருகிறேன்.

வயது நாற்பத்திரண்டு. தணிக்கைத் துறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர், 2017-இல் விலகியபோது மேனேஜர். சின்ன வயதிலேயே மகனுக்கு வலிப்பு நோய் வந்ததால், ஒரு வருடம் கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வேலையை விட்டிருக்கிறார். மகன் தேறிவரும் நேரத்தில் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஒரு வருடம் எட்டு வருடமானது. மாமியார் இப்போது இல்லை. மகன் மருந்தின் துணையோடு ஒழுங்காகப் பள்ளி போகிறான். மறுபடி வேலைக்குப் போகலாம் என்று ஆறு மாதமாக வேலைவாய்ப்புத் தளங்களில் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறார். பெரும்பாலும் பதிலே இல்லை. இன்டர்வியூ வரை போனது இரண்டுதான். அதில் ஒன்றில், “எட்டு வருஷமா சும்மாதான் இருந்திருக்கீங்க, இல்லையா?” என்று கேட்டார்களாம். இன்னொன்றில், “அடுத்த குழந்தை பற்றி ஏதாவது யோசனை இருக்கா?”

அவருடைய கேள்விகள் இவை. அண்ணன் ஒரு வணிக நிறுவனம் நடத்துகிறார், ‘எட்டு வருஷமும் என் கம்பெனியில் வேலை பார்த்ததாகக் கடிதம் தருகிறேன்’ என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? கணவரோ, ‘சம்பளமே வேண்டாம் என்று சொல்லியாவது உள்ளே போய்விடு’ என்கிறார். இரண்டு வருட எம்பிஏ படித்துவிட்டு முயன்றால் மரியாதை கிடைக்குமா? சந்தா கட்டாமல் விட்டதால் தொழில்முறை உறுப்பினர் தகுதி போய்விட்டது, தேர்வெல்லாம் மறுபடி எழுத வேண்டுமா? கடைசியாக ஒரு வரி: ‘என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் இப்போது ஒரு தணிக்கை நிறுவனத்தில் பார்ட்னர். அவனிடம் போய் நிற்க மனசு வரவில்லை.’

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ‘சும்மா இருந்த’ என்ற சொல் நான்கைந்து இடங்களில் வருகிறது. கேட்டவர் ஒருமுறை சொன்னார், மீதியெல்லாம் நீங்களே உங்களைச் சொல்லிக்கொண்டவை. முதலில் அதை நிறுத்துங்கள். வலிப்பு வரும் குழந்தையையும் படுக்கையில் கிடந்த ஒருவரையும் எட்டு வருடம் பார்த்துக்கொண்டவர் சும்மா இருந்தவர் ஆக மாட்டார். ஆனால் வேலை கொடுப்பவர் அதற்காக வேலை தரப்போவதும் இல்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

இடைவெளிதான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறீர்கள். அது பாதிதான். உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் ஒருவருக்கு, நீங்கள் அண்மையில் வேலை செய்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதுதான் பெரிய தயக்கம். இடைவெளியை மாற்ற முடியாது. அண்மைக்கால வேலைக்குச் சாட்சி உண்டாக்க முடியும். கீழே நான் சொல்வது எல்லாமே அதைச் சுற்றித்தான்.

அண்ணனின் கடிதம் வேண்டவே வேண்டாம்

அவர் பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் நீங்கள் ஆடிட்டர். இந்தக் கடிதம் வேறொருவர் கோப்பில் உங்கள் முன் வந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள்? ‘அந்தக் கம்பெனியின் ஏட்டில் இவருக்கு எட்டு வருடம் சம்பளம் போன பதிவு எங்கே?’ பின்னணி சரிபார்ப்பு செய்பவர்களும் அதையேதான் கேட்பார்கள். சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, வரிப் பதிவு, முன்னாள் மேலதிகாரியோடு ஒரு தொலைபேசி அழைப்பு. இதில் ஒன்று இல்லையென்றாலும் கதை நிற்காது. சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலை போகும். பொய்யான கடிதம் கொடுத்த குற்றம் அண்ணன் தலையிலும் விழும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. சர்வதேசக் கணக்காளர் நெறிமுறைக் குறியீடு சொல்லும் ஐந்து அடிப்படைக் கொள்கைகளில் முதலாவது நேர்மை. வேறு துறையில் பொய் அனுபவம் காட்டுபவர் ஒரு வேலையை இழப்பார். உங்கள் துறையில் உறுப்பினர் தகுதிக்கே ஒழுங்கு நடவடிக்கை வரலாம். மீட்க நினைக்கும் ஒரே சொத்தை அடகு வைக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஒவ்வொரு வருட முடிவிலும் அண்ணனின் கணக்கை உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள், ஒருமுறை சரக்குக் கையிருப்பு மதிப்பில் இருந்த தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். இது நடந்த விஷயம். இதை நடந்தபடியே எழுதலாம்: ‘குடும்ப நிறுவனம் ஒன்றுக்கு ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பில் உதவி, ஊதியமின்றி, பகுதி நேரம்.’ குடும்ப நிறுவனம் என்பதையும் ஊதியமில்லை என்பதையும் மறைக்காத வரை இதில் ஒரு தவறும் இல்லை. இன்டர்வியூவில் கேட்டால் அந்தக் கையிருப்புக் கதையைச் சொல்லுங்கள். எந்தப் பட்டியலில் என்ன ஒட்டவில்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு ஆடிட்டர் இன்னொரு ஆடிட்டரிடம் சொல்வது போல. கேட்பவருக்கு உங்களை அப்போதுதான் உண்மையில் தெரியவரும்.

ரெஸ்யூமேயில் எட்டு வருடத்தை எங்கே வைப்பது?

விண்ணப்பத்துக்குப் பதில் வராதது உங்கள் திறமைக் குறைவால் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். தளங்கள் வழியாகப் போகும் விண்ணப்பங்களில் குடும்பத்துக்காக விலகியவர்களுக்கு எதிரான சாய்வு இருப்பது ஆய்விலேயே தெரிந்த விஷயம். சமூகவியலாளர் கேத்தரின் வைஷார் அமெரிக்காவில் கற்பனை ரெஸ்யூமேக்களை நிஜ நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருக்கும் தாய்மார்களில் 15.3 விழுக்காட்டினருக்கு அழைப்பு வந்தது. வேலை இழந்த தாய்மார்களுக்கு 9.7. குடும்பத்துக்காகத் தானே விலகிய தாய்மார்களுக்கு 4.9 மட்டுமே. தந்தையருக்கும் கதை ஏறக்குறைய இதேதான், 14.6-இலிருந்து 5.4-க்கு விழுந்தது. ஆக, உங்களுக்கு நடப்பது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. இதைப் படித்து மனம் உடைய வேண்டாம். தளத்தில் விண்ணப்பம் போடுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். பிரிட்டனில் 9,022 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ‘2013–2017’ என்று தேதி போடுவதற்குப் பதிலாக ‘4 ஆண்டுகள்’ என்று பணிக்காலத்தை எழுதிய ரெஸ்யூமேக்களுக்கு, இடைவெளி வெளிப்படையாகத் தெரிந்தவற்றைவிடச் சுமார் 15 விழுக்காடு கூடுதல் அழைப்பு வந்தது. இடைவெளியே இல்லாத வழக்கமான ரெஸ்யூமேயைவிடவும் சுமார் 8 விழுக்காடு கூடுதல். பார்ப்பவர் கண்ணில் அனுபவம் முதலில் பட்டதுதான் காரணம் என்கிறது அந்த ஆய்வு. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ‘தணிக்கை மேனேஜர், 4 ஆண்டுகள்’, ‘சீனியர், 3 ஆண்டுகள்’ என்று. நிறுவனத்தின் படிவத்தில் தேதி கேட்டால் சரியான தேதியைக் கொடுங்கள், அங்கே விளையாட்டு வேண்டாம்.

இடைவெளிக்கு ஒரே ஒரு வரி போதும்: ‘குடும்பப் பராமரிப்புக்காகப் பணி இடைவேளை, இப்போது முடிந்தது.’ கடைசி இரண்டு சொற்கள் முக்கியம். ‘இல்ல நிர்வாகி’, ‘குடும்ப நிதி மேலாளர்’ என்றெல்லாம் பதவிப் பெயர் சூட்டச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கேட்காதீர்கள். நீங்கள் செய்தது பெரிய வேலை. அதை அலுவலக மொழியில் அலங்கரித்தால் படிப்பவருக்குச் சங்கடம்தான் வரும்.

‘சும்மாதானே இருந்தீங்க’ என்று மறுபடி யாராவது கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள்: “வீட்டில் இருவருக்குத் தொடர் மருத்துவப் பராமரிப்பு தேவைப்பட்டது, நான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பொறுப்பு இப்போது இல்லை.” உடனே வேலைப் பேச்சுக்கு வந்துவிடுங்கள். மகனின் நோய்ப் பெயர், மாமியாரின் கடைசி நாட்கள் எதையும் சொல்லத் தேவையில்லை. அது உங்கள் வீட்டு விஷயம். விளக்கம் நீள நீள, மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும்.

எம்பிஏ இப்போது வேண்டாம்

இரண்டு வருடம் படித்தால் இடைவெளி எட்டிலிருந்து பத்தாகும், சேமிப்பும் கரையும். முடித்துவிட்டு வந்தாலும் கேள்வி மாறாது: ‘கடைசியாக எப்போது ஒரு கோப்பை முடித்தீர்கள்?’ மேலாண்மைப் பக்கம் முழுதாகத் திரும்ப ஆசை என்றால் அது வேறு பேச்சு. உங்கள் கடிதத்தில் அந்த ஆசை தெரியவில்லை. தணிக்கைக்குத் தகுதி போதாது என்ற பயம்தான் தெரிகிறது. அதற்கு மருந்து, நீங்கள் இல்லாத காலத்தில் துறையில் என்ன மாறியது என்று தெரிந்துகொள்வதுதான். மாறியது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

பட்டியல் போட்டால் இவ்வளவுதான் வரும். சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளில் (ஐஎஃப்ஆர்எஸ்), வருவாய்க்கான ஐஎஃப்ஆர்எஸ் 15-உம், வாராக்கடன் ஒதுக்கீடு உள்ளிட்ட நிதிக் கருவிகளுக்கான ஐஎஃப்ஆர்எஸ் 9-உம் 2018 ஜனவரி 1 முதல். குத்தகைக்கான ஐஎஃப்ஆர்எஸ் 16, 2019 ஜனவரி 1 முதல். தணிக்கைப் பக்கம், இடர் மதிப்பீட்டுக்கான சர்வதேசத் தணிக்கைத் தரநிலை (ஐஎஸ்ஏ) 315 திருத்தப்பட்டு, 2021 டிசம்பர் 15 அல்லது அதன்பின் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. கணினி அமைப்புகளின் கட்டுப்பாடுகளை இப்போது முன்பைவிட ஆழமாகப் பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் நாடு இவற்றைச் சொந்தப் பெயரிலும் சொந்தத் தேதியிலும் ஏற்றிருக்கலாம், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் குத்தகையை மட்டும் எடுத்துக்கொள்வோம், எப்படிப் படிப்பது என்று காட்ட. ஒரு நிறுவனம் ஐந்து வருடத்துக்கு ஒரு கட்டடத்தைக் குத்தகைக்கு எடுக்கிறது, ஆண்டு முடிவில் வாடகை 100. நீங்கள் வேலையை விட்ட காலத்தில் வருடாவருடம் 100 செலவு எழுதினால் முடிந்தது, ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) எதுவும் வராது. இப்போது ஐந்து வருட வாடகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். 10 விழுக்காடு வட்டி என்றால் சுமார் 379. ஒரு பக்கம் பயன்பாட்டு உரிமைச் சொத்து 379, மறுபக்கம் குத்தகைக் கடன் 379. சொத்துக்குத் தேய்மானம் வருடம் சுமார் 76. கடனுக்கு முதல் வருட வட்டி 38. ஆக முதல் வருடச் செலவு சுமார் 114, ஐந்தாம் வருடத்தில் 85. ஐந்து வருடத்தையும் கூட்டினால் அதே 500. வாடகை என்ற செலவு தேய்மானமும் வட்டியுமாகப் பிரிந்துவிடுவதால், அவை இரண்டுக்கும் முந்தைய லாபம் உயர்ந்து தெரியும். அந்த லாபத்தை வைத்து வங்கி போட்ட கடன் நிபந்தனையும், மேலாளருக்குப் பேசிய ஊக்கத்தொகையும் அதனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும். தோன்றியது அல்லவா? அந்தக் கண் போகவில்லை. விதி மாறினால் யாருக்கு லாபம், எங்கே சாய்க்கப் பார்ப்பார்கள் என்று யோசிக்கும் பழக்கம் பதினோரு வருடத்தில் வந்தது. புதிய தரநிலையைச் சில வாரங்களில் படித்துவிடலாம், அந்தப் பழக்கத்தைச் சில வாரங்களில் யாரும் கற்றுத்தர முடியாது.

வெளியாகியிருக்கும் ஆண்டறிக்கை ஒன்றை எடுத்து, அதில் குத்தகைக் குறிப்பையும் வாராக்கடன் ஒதுக்கீட்டுக் குறிப்பையும் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் உங்கள் கருத்தை எழுதுங்கள். இப்படி மூன்று நான்கு நிறுவனங்கள். இவைதான் உங்கள் அண்மைக்கால வேலை.

அப்புறம், அதிகம் பேர் யோசிக்காத ஒரு வழி. ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற தரநிலை 2024-இல் வெளியானது. ஐஏஎஸ் 1 என்ற பழைய தரநிலைக்குப் பதிலாக, 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு அது கட்டாயம். லாப நட்டக் கணக்கையே இயக்கம், முதலீடு, நிதி என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது. நிர்வாகம் தானே வகுத்துக்கொண்டு வெளியில் சொல்லும் லாப அளவீடுகளையும் விளக்கச் சொல்கிறது. இருபது வருடம் இடைவிடாமல் வேலை பார்ப்பவருக்கும் இது புதுசு. இங்கே உங்களுக்கும் அவருக்கும் ஒரே தொடக்கக்கோடு. இதை முழுதாகப் படித்துக்கொண்டு போங்கள். ‘பழசை மறந்துவிட்டாரா’ என்று சோதிக்க உட்கார்ந்தவர், தனக்கு இன்னும் தெளியாத ஒன்றை உங்களிடம் கேட்க ஆரம்பிப்பார்.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். எக்ஸெலில் வீலுக்அப் என்ற தேடல் சூத்திரம் தெரிந்தவருக்கு எக்ஸ்லுக்அப் ஒரு மணி நேர வேலை. தரவைத் திரட்டிச் சீர்செய்யும் பவர் குவெரிக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள், மாதிரி எடுத்துச் சோதிப்பதோடு நிற்காமல் மொத்தப் பதிவுகளையும் அலசும் வேலை இப்போது கூடிவிட்டது.

உறுப்பினர் தகுதி

சந்தா நின்றதால் தேர்ச்சி அழியாது. பொதுவாக, தேர்வில் தேறியது உங்களுடையது. உறுப்பினர் பதிவும், கையெழுத்திடும் உரிமையும்தான் நின்றுபோயிருக்கும். மீட்பதற்கு நிலுவைக் கட்டணம், தொடர் தொழில்முறைக் கல்வி மணிநேரம், சில அமைப்புகளில் கூடுதல் நிபந்தனை என்று கேட்பார்கள். மூன்று ஆண்டுக்கு 120 மணி நேரம் என்பது இத்துறையில் பரவலாக உள்ள அளவுகோல். விடுபட்ட வருடங்களுக்கெல்லாம் சேர்த்துக் கேட்பார்களா, அண்மைக் காலத்துக்கு மட்டுமா என்பதை உங்கள் அமைப்பிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பராமரிப்புக் காரணத்துக்குச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள், கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். பதிவு புதுப்பிக்கப்படும் வரை பெயருக்குப் பின்னால் உறுப்பினர் என்று காட்டும் எழுத்துகளைப் போடாதீர்கள். பழைய பழக்கத்தில் ரெஸ்யூமேயில் போட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

அந்தப் பையனைப் பற்றி

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி இதுதான். ஒரு காலத்தில் உங்கள் மேசைக்கு முன்னால் நின்று, ‘மேடம், இந்தக் கடன் உறுதிக் கடிதம் திரும்பி வரலை, என்ன பண்றது?’ என்று கேட்டவர் இன்று பார்ட்னர். அவர் முன்னால் விண்ணப்பதாரராக உட்காருவது எளிதில்லை. வலிக்கும். வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கொஞ்சம் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்து, இன்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் ஒரே மனிதர் அவர். வேலைவாய்ப்புத் தளத்துக்கு நீங்கள் எட்டு வருட இடைவெளி. அவருக்கு நீங்கள் ஒர்க்கிங் பேப்பரில் சிவப்பு மையால் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியவர். நீங்கள் கற்றுத்தந்த வேலையைத்தான் அவர் இன்று அடுத்தவருக்குக் கற்றுத்தருகிறார். அவரிடம் போவதைக் கீழிறங்குவதாக ஏன் நினைக்கிறீர்கள்? நல்ல ஜூனியரை உருவாக்கிய மேனேஜர் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டுமா?

வேலை கேட்டு எழுத வேண்டாம். வேலை கேட்டால் அவர் ஆம், இல்லை என்று சொல்லியாக வேண்டும், இருவருக்கும் சங்கடம். விஷயம் கேட்டு எழுதுங்கள். இப்படி:

‘வணக்கம். நலமா? குடும்பப் பொறுப்புகள் முடிந்து மறுபடி தணிக்கைக்கு வரும் முயற்சியில் இருக்கிறேன். குத்தகை, வாராக்கடன் தரநிலைகளைப் படித்து முடித்துவிட்டேன். ஐஎஃப்ஆர்எஸ் 18-ஐ இப்போது பார்க்கிறேன். உங்கள் நிறுவனத்தில் மேனேஜர் நிலையில் இப்போது எதை முக்கியமாக எதிர்பார்க்கிறீர்கள் என்று இருபது நிமிடம் பேச முடியுமா? உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்.’

பேசும்போது ‘நீ’ என்று பழக்கம் வந்துவிடும். ‘நீங்கள்’ என்றே தொடங்குங்கள், பழையபடி கூப்பிடச் சொல்ல வேண்டியது அவர். பேச்சின் முடிவில் ஒன்று கேட்கலாம்: தணிக்கைக் காலத்தில் ஆள் பற்றாக்குறை இருந்தால், மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒரு கோப்பைப் பார்க்கத் தயார் என்று. உங்களுக்கு வேண்டிய சாட்சி அங்கே கிடைக்கும். அவர் மறுத்தால், அல்லது பதிலே போடாவிட்டால், பழைய கூட்டாளிகள், கிளையன்ட் பக்கத்தில் இருந்த நிதி மேலாளர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அடுத்தவரிடம் போங்கள். அவர் பதில் போடாததை வைத்து உங்கள் மதிப்பைக் கணக்குப் போடாதீர்கள்.

சம்பளமே வேண்டாம் என்பது

கணவர் உங்கள் தவிப்பைத் தினமும் பார்ப்பதால் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் நான் உடன்படவில்லை. சம்பளம் இல்லாமல் வருபவருக்குப் பொறுப்பான வேலை தர மாட்டார்கள். நகல் எடுக்கவும் கோப்பு அடுக்கவும் வைப்பார்கள், மூன்று மாதம் கழித்து ரெஸ்யூமேயில் எழுத ஒன்றும் இருக்காது. லாபத்துக்கு இயங்கும் நிறுவனம் சம்பளமின்றி வேலை வாங்குவது பல நாடுகளில் சட்டப்படியே தவறு.

நடுவழி உண்டு. இடைவேளைக்குப் பிறகு திரும்புவோருக்கென்றே பெரிய வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் ரிட்டர்ன்ஷிப் என்ற பெயரில் குறுகிய காலத் திட்டங்கள் நடத்துகின்றன. 2008-இல் கோல்ட்மன் சாக்ஸ் தொடங்கிய பிறகு பரவலானவை இவை. சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஊதியம் உண்டா, போன முறை வந்தவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள், என் வேலையை மதிப்பிடப்போவது யார். இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் யோசியுங்கள்.

ஒரு படி கீழே, அதாவது சீனியர் நிலையில் அழைத்தால்? எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து, ஒரு நிபந்தனையோடு. ஆறாம் மாதம் அல்லது முதல் தணிக்கைக் காலம் முடிந்ததும் பதவியும் சம்பளமும் மறுபரிசீலனை செய்யப்படும் என்று பணி நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை, சொன்னவர் வேலை மாறினால் அவரோடு போய்விடும். சம்பளத்தைப் பேசும்போது 2017-இல் வாங்கியதைத் தொடக்கமாக வைக்காதீர்கள், அந்தப் பதவிக்கு இன்று என்ன தருகிறார்களோ அதுதான் அளவு.

‘அடுத்த குழந்தை?’ என்று கேட்டால்

கேட்டது சரியா என்றால், சரியில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958-ஆம் ஆண்டின் 111-ஆம் உடன்படிக்கை, வேலைக்கு எடுப்பதில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. 1981-இன் 156-ஆம் உடன்படிக்கை உங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதப்பட்டது: குடும்பப் பொறுப்பால் விலகியவர் மறுபடி வேலைக்குத் திரும்ப வழிசெய்ய வேண்டும் என்று அதன் 7-ஆம் பிரிவு அரசுகளிடம் கேட்கிறது. ஆனால் இவை ஏற்பு அளித்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும், நடைமுறையில் உங்கள் நாட்டுச் சட்டம்தான் கைகொடுக்கும். பல நாடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்பதே குற்றம் ஆகாது. பதிலை வைத்து வேலை மறுத்தால்தான் குற்றம், அதையும் நிரூபிப்பது கடினம். கேட்டவர் யார், எந்தத் தேதி, என்ன சொற்கள் என்று அன்றே குறித்து வையுங்கள். புகார் செய்ய விரும்பினால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைத் தாமதிக்காமல் பாருங்கள், காலக்கெடு பெரும்பாலும் சில மாதங்கள்தான். செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். விட்டுவிட்டால் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல ஒரு பதில்: “வெளியூர்த் தணிக்கை, ஆண்டிறுதி நேரம் இவற்றுக்கு நான் தயாரா என்று கேட்கிறீர்கள் என்றால், தயார்.” அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள். மேற்கொண்டும் தோண்டினால், அங்கே வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டில் பேச வேண்டியது

‘தயார்’ என்று சொல்வதற்கு முன் அது உண்மையாக வேண்டும். உங்கள் கடிதத்தில் கணவர் சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறார், அண்ணன் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறார். ஆண்டிறுதியில் நீங்கள் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும்போது மகனுக்கு மருந்து கொடுப்பது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. எட்டு வருடமாக மாத்திரை நேரம், அளவு, வலிப்பு வந்தால் எத்தனை நிமிடத்தில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் உங்கள் தலையில் மட்டும் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு அதை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த பரிசோதனைக்குக் கணவர் தனியாக அழைத்துப் போகட்டும். இப்போதே, வேலை கிடைப்பதற்கு முன்பே, வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இல்லாதது போல நடந்து பாருங்கள், அந்த நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படியுங்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது. கணவரிடம் இதை உதவியாகக் கேட்காதீர்கள். மகன் இருவருக்கும்தான்.

உறுப்பினர் பதிவு பற்றி உங்கள் அமைப்பு என்ன பதில் சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். கையெழுத்து உரிமை உடனே திரும்பக் கிடைக்குமானால் தணிக்கை நிறுவனங்களையே குறிவைக்கலாம். ஒரு வருடம் ஆகும் என்றால், அதுவரை நிறுவனங்களின் உள் தணிக்கைப் பிரிவில் சேர்வது பற்றி யோசிக்கலாம், அங்கே பெரும்பாலும் அந்தப் பதிவு கட்டாயமில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் ரெஸ்யூமேயை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.